போலீஸ் தேடுதலில் கை உடைந்தது, வள்ளத்து எஞ்சின் போனது: நஷ்ட ஈடு கிடைக்குமா?

கேட்டவர் குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஊரில் இரு தரப்புக்கும் தகராறு, கல்வீச்சு. அன்று இரவே போலீஸ் படை ஊருக்குள் இறங்கி வீடு வீடாகத் தேடியிருக்கிறது. தகராறில் சம்பந்தமே இல்லாத இவருடைய சித்தப்பாவுக்கு இடது முன்கை எலும்பு முறிவு. வீட்டுக் கதவு, டிவி, பைக் எல்லாம் சேதம். கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் எஞ்சினை அடித்து நொறுக்கியிருக்கிறார்கள். "யார் அடித்தது என்று எங்களுக்குத் தெரியாது, இருட்டு, எல்லாரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். இதற்கு நஷ்ட ஈடு கிடைக்குமா? யாரிடம் போவது?" இதுதான் கேள்வி.

தம்பி, கிடைக்கும். ஆனால் நீங்கள் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் நாகர்கோவில் கோர்ட் வளாகத்துக்கு இப்படி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதே குழப்பத்தோடுதான் வருகிறார்கள். யார் அடித்தார் என்று நிரூபித்து அவரைத் தண்டிப்பது ஒரு வழக்கு. அரசின் படை வந்து போனதில் எனக்கு இவ்வளவு நஷ்டம், அதை அரசு கொடுக்க வேண்டும் என்பது வேறு வழக்கு. முதலாவதற்குப் பெயரும் முகமும் வேண்டும். இரண்டாவதற்கு அது தேவையில்லை. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் போலீஸ் படை இருந்தது, இந்தக் காயமும் சேதமும் அப்போதுதான் நேர்ந்தன என்று காட்டினால் போதும். ஹெல்மெட் போட்டவரின் பெயர் தெரியாது என்பதற்காக இரண்டையும் கைவிட்டுவிடாதீர்கள்.

அதைக் காட்டுவதற்கான சான்று முதல் மூன்று நான்கு நாளில்தான் உருவாகும், அல்லது அழியும். அதனால் சட்டத்துக்குப் போகும் முன் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

பல வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு பெரியவர் வந்தார். லத்தி அடியில் தோள்பட்டை இறங்கியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது, பக்கத்தில் காக்கிச் சட்டை ஒருவர் நின்றதால், "வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அதையே எழுதிவிட்டார். மூன்று வருஷம் கழித்து விசாரணையில் அரசுத் தரப்பு வக்கீல் வேறெதையும் கேட்கவில்லை. அந்த ஒற்றை வரியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பதிவேடுதான் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேடு. உங்கள் சித்தப்பாவை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோயிருந்தாலும் சரி, குளச்சல், தக்கலை, குழித்துறை எங்கே போயிருந்தாலும் சரி, முதலில் ஏ.ஆர். காப்பியை வாங்கிப் பாருங்கள். அதில் "இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், போலீசார் லத்தியால் தாக்கியதாகச் சொல்கிறார்" என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியாத போலீசார்" என்றே இருக்கலாம். தவறாக எழுதியிருந்தால், ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதை இன்றே ஆஸ்பத்திரி கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். பழைய வரி அதனால் அழியாது. ஆனால் ஒரு வருஷம் கழித்துச் சொல்லும் விளக்கத்தைவிட ஒரு வாரத்தில் சொல்லும் விளக்கத்துக்கு எடை அதிகம்.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவில் அது நேரடியாகவே இருக்கிறது. முறிவு இல்லாமலே ஒருவர் 15 நாள் கடுமையான வலியில் கிடந்தாலோ, அன்றாட வேலைக்குப் போக முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. ஆகவே சித்தப்பா எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை என்பதையும் குறித்து வையுங்கள்.

காயத்தைப் படம் எடுத்திருப்பீர்கள். மறுநாளும், அதற்கடுத்த நாளும் எடுத்தீர்களா? உருண்டையான தடியால் ஓங்கி அடித்தால் தோலில் ஒற்றைக் கோடு விழாது. நடுவில் வெளுத்து, இரு பக்கமும் சிவந்து, தண்டவாளம் போல இரட்டைக் கோடாக விழும். விழுந்து எழுந்தவர் உடம்பில் அந்தத் தடம் வராது. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்து எடுத்த படம் பத்து சாட்சிக்குச் சமம். ஒரு வாரத்தில் அந்தக் கோடு மஞ்சளாகி மறையத் தொடங்கிவிடும்.

அடுத்து வீடு. இதில்தான் நம் பெண்கள் ஒரு தவறு செய்வார்கள், அதைத் தவறு என்று சொல்லவும் மனசு வராது. விடிந்ததும் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள். நான் நேரில் போய்ப் பார்த்த ஒரு வீட்டில், அரிசி டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் வள்ளத்துக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றியிருந்தார்கள். நான் போனபோது அந்த அம்மா அரிசியைப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்றம் தாங்க முடியாது, பிள்ளைகள் இருக்கிற வீடு, நியாயம்தான். ஆனால் தேடுதல் என்ற பெயரில் நடந்தது தேடுதல் இல்லை என்பதற்கு அந்த அரிசியைவிட நல்ல சான்று வேறு இல்லை. யாரையாவது தேடி வந்தவர் அரிசியில் ஏன் எண்ணெய் ஊற்ற வேண்டும்?

உங்கள் வீட்டில் இன்னும் எடுத்துப்போடாதது என்ன இருக்கிறதோ அதைத் தொடாதீர்கள். வாசலிலிருந்து உள்ளே நடந்தபடி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள், வெட்டாமல். பிறகு பட்டியல்: பொருள், வாங்கிய வருஷம், விலை, பில் உண்டா இல்லையா. சின்னப் பொருளை விட்டுவிட வேண்டாம், விலையைக் கூட்டியும் எழுத வேண்டாம். பத்தாயிரம் ரூபாய் டிவியை நாற்பதாயிரம் என்று எழுதினால் எஞ்சினின் உண்மையான விலையையும் யாரும் நம்ப மாட்டார்கள். பட்டியலோடு கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு மனு கொடுத்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் நல்லது, வராவிட்டால் கேட்டும் வரவில்லை என்பதற்கு மனு நகல் இருக்கும். வள்ளத்துக்கு மீன்வளத் துறைக்கும் தனியாக ஒன்று.

தெருவில் கடை, கோயில், குருசடி எங்கேயாவது சிசிடிவி இருந்தால் இன்றைக்கே போங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் பழைய பதிவு மேலேயே புதியது ஏறிவிடும். நகல் எடுத்தால் மட்டும் போதாது. கேமரா வைத்திருப்பவரிடம் சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் (பழைய 65பி) வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் அந்த பென் டிரைவைத் திறக்கவே முடியாமல் போகலாம். சித்தப்பாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள் என்றால் அங்கேயும் கேமரா உண்டு. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், எப்படிப் பார்த்தாலும் ஓராண்டுக்குக் குறையாமல், வைத்திருக்கும்படியான கருவிகளைப் பொருத்தச் சொல்லியிருக்கிறது. அந்தத் தேதிப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு (எஸ்.பி.) ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பிவிடுங்கள்.

சரி, போலீசுக்கு அன்று இரவு என்ன அதிகாரம் இருந்தது? இதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். கைது செய்ய வேண்டிய ஒருவர் வீட்டுக்குள் இருப்பதாக நம்பக் காரணம் இருந்து, தாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொல்லிக் கதவைத் திறக்கக் கேட்டு, திறக்காவிட்டால் உடைத்து நுழையலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44-வது பிரிவு அதை அனுமதிக்கிறது. ஆகவே கதவுக்கு மட்டும் அவர்களிடம் ஒரு பதில் இருக்கும். தட்டினார்களா, சொன்னார்களா, எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று அதில்தான் வாதம் போகும். டிவிக்குப் பதில் இருக்காது. எஞ்சினுக்கு நிச்சயம் இருக்காது. அதற்குள் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.

கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் அதே சட்டத்தின் 148-வது பிரிவில் வருகிறது. அது சட்டவிரோதக் கூட்டத்தைப் பற்றியது. கலைந்துபோன கூட்டத்துக்கும், பாயில் படுத்திருந்த மனுஷனுக்கும் அது பொருந்தாது. ராணுவத்தை வரவழைத்துக் கூட்டம் கலைப்பது பற்றி அடுத்த பிரிவு பேசுகிறது. அங்கே கூட, இயன்றவரை குறைந்த பலத்தை, உடலுக்கும் சொத்துக்கும் இயன்றவரை குறைந்த சேதத்தோடு பயன்படுத்த வேண்டும் என்றுதான் இருக்கிறது. ராணுவத்துக்கே அந்த அளவு என்றால் லோக்கல் போலீசுக்கு அதைவிடத் தாராளமான அளவு இருக்க முடியாது.

புகார் கொடுக்கப் போனால் அதே ஸ்டேஷனில்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வாங்க மாட்டார்கள். பரவாயில்லை, போய் மறுக்கப்படுவதும் ஒரு படிதான். பிறகு அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-வது பிரிவின் கீழ் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் அசைவு இல்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 175(3)-வது பிரிவின் கீழ் மனு. அரசு ஊழியர் மீது, பணியின்போது நடந்தது என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவிடும் முன் மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் தரப்பையும் பார்க்க வேண்டும் என்று புதிய சட்டம் ஒரு வேகத்தடை போட்டிருக்கிறது. வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவைப்படலாம். ஆனால் 120 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும், இது புதிய சட்டத்தில் வந்த நல்ல மாற்றம்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று, ஆனால் உங்கள் அம்மா நிச்சயம் கேட்டிருப்பார்: "புகார் கொடுத்தா நம்ம மேலயே கேஸ் போட்டுருவாங்களே?" போடலாம். கல்வீச்சு வழக்கின் எஃப்.ஐ.ஆரில் பத்துப் பெயர் எழுதி, கடைசியில் "மற்றும் பலர்" என்று முடித்திருப்பார்கள். அந்த "மற்றும் பலர்" என்பது காலியாக வைத்த நாற்காலி மாதிரி, யாரை வேண்டுமானாலும் பிறகு உட்கார வைக்கலாம். பக்கத்து இடிந்தகரையில் கூடங்குளம் போராட்டத்தின்போது ஆயிரக்கணக்கானோர் மீது, தேசத் துரோகப் பிரிவு வரை, வழக்குகள் விழுந்ததை நாம் பார்த்திருக்கிறோம். உங்கள் எஃப்.ஐ.ஆர். நகலைக் காவல் துறை இணையதளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம், 1992 அதில் இருந்தால் உடனே முன்ஜாமீனுக்கு ஏற்பாடு செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். முன்ஜாமீன் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது.

இப்போது பணம். அரசு செய்த தவறுக்கு அரசே பணம் கொடுக்க வேண்டும் என்பது எப்போதும் இருந்த விதி இல்லை. கஸ்தூரிலால் என்ற பெயரில் அறியப்படும், அமிர்தசரஸ் தங்க வியாபார நிறுவனம் ஒன்றின் வழக்கு உண்டு. அதன் பங்குதாரர் மீரட்டுக்குக் கொண்டுபோன தங்கத்தைப் போலீஸ் கைப்பற்றி வைத்திருந்தது. பொறுப்பில் இருந்த ஏட்டு அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கே போய்விட்டார். 1964-ல் உச்ச நீதிமன்றம், இது இறையாண்மை அதிகாரத்தில், அதாவது ஆட்சி நடத்தும் அதிகாரத்தில் செய்த வேலை, அரசு பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரியில் இதைப் படிக்கும்போது சிரிப்போம். பிறகு காற்று மாறியது. 1983-ல், விடுதலைத் தீர்ப்புக்குப் பிறகும் சிறையில் வைக்கப்பட்டிருந்த ருதுல் ஷாவின் வழக்கு, 1993-ல் நீலாவதி பெஹரா வழக்கு. போலீஸ் காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய்க்கு ஒன்றரை லட்சம் கொடுக்கச் சொல்லி, அடிப்படை உரிமை மீறலில் இறையாண்மை என்ற கேடயம் செல்லாது என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டே நாகேந்திர ராவ் வழக்கில், அதிகாரிகள் கைப்பற்றிய சரக்கு கெட்டுப்போனதற்கும் அரசு பொறுப்பு என்றார்கள். உயிர், உடல் மட்டுமல்ல, பொருளுக்கும் வழி திறந்தது அப்படித்தான்.

உங்களுக்கு எந்த வாசல்? என் கருத்தைச் சொல்கிறேன், வேறு வக்கீல் வேறு மாதிரி சொல்லலாம். முதலில் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.). உங்கள் ஊர் கல்குளம், விளவங்கோடு பக்கம் என்றால் பத்மநாபபுரம், அகஸ்தீஸ்வரம் பக்கம் என்றால் நாகர்கோவில். போலீசார் கொடுங்காயம் ஏற்படுத்தினார்கள் என்ற புகாரில் நிர்வாகத் துறை விசாரணை கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். அங்கே கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள். கோட்டாட்சியர் வந்து பார்த்து "சேதம் உண்மை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஏனென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் (அரசுக்கு எதிராக நேராகப் போடும் மனு) போட்டால் நீதிபதி முதலில் பார்ப்பது, நடந்தது என்ன என்பதில் தகராறு உண்டா என்பதைத்தான். தகராறு இருந்தால், சிவில் கோர்ட்டில் சாட்சி போட்டு நிரூபி என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். அரசு அதிகாரியின் அறிக்கையே ஒப்புக்கொண்டிருந்தால் அங்கேயே தொகை கேட்கலாம்.

கூடவே சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். டெல்லி தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு ஆணையம் எடுத்த விஷயத்தை மற்றது எடுக்காது, இரண்டும் ஒன்றையொன்று காரணம் காட்டும். ஆணையத்தின் உத்தரவு வெறும் பரிந்துரைதானே என்று பலர் அலட்சியம் செய்வார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் மாநிலப் போலீசுக்கு. கடலில் கடற்படையோ கடலோரக் காவல் படையோ, அல்லது சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படையோ என்றால் பாதை வேறு. தேசிய ஆணையமே அங்கே மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரைக்கத்தான் முடியும், நேராக விசாரிக்க முடியாது. 2022 அக்டோபரில் பாக் நீரிணைப் பக்கம் நம் கடற்படையே சுட்டதில் தமிழக மீனவர் ஒருவர் காயப்பட்டது நினைவிருக்கும். அப்படிப்பட்டதில் நேராக உயர் நீதிமன்றம்தான் நல்லது.

சிவில் வழக்கைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஆனால் காலக்கெடுவை மறக்கக் கூடாது. சட்டப்படிச் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு நஷ்ட ஈடு கேட்க ஒரு வருஷம்தான். அதற்கு முன் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ். பீஸ் கட்ட முடியாவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி மையத்தைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு கேட்பது? இதற்கு நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள வழக்கு ஒன்று இருக்கிறது. 2012 பிப்ரவரி 15, 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள், கேரளக் கரைக்கு அப்பால் 'செயின்ட் ஆன்டனி' படகைச் சுட்டார்கள். இறந்த இருவரில் ஒருவர் குமரி மாவட்டத்துப் பையன். 2020-ல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்துச் சர்வதேசத் தீர்ப்பாயம், இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்று சொன்னபோது அதை நான்காகப் பிரித்தது: உயிரிழப்பு, உடல் காயம், படகு உள்ளிட்ட பொருள் சேதம், படகில் இருந்தவர்கள் பட்ட மன வேதனை. மறு வருஷம் இத்தாலி 10 கோடி கட்டியது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. படகில் இருந்த மற்ற தொழிலாளர்களின் பங்கு? அவர்கள் தனியாக உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் அந்த 2 கோடியிலிருந்து ஆளுக்கு 5 லட்சம் கிடைத்தது.

தொகையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அது இரு நாடுகள் மோதிய விவகாரம். பிரித்த விதத்தைப் பாருங்கள். உங்கள் மனுவிலும் சிகிச்சைச் செலவு தனி, வேலை இழப்பு தனி, ஒவ்வொரு பொருளும் தனி, இரவெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்த குழந்தைகளின் பயம் தனி என்று எழுதுங்கள். உங்கள் வள்ளத்தில் கூடப் போகும் மூன்று பேருக்கும் எஞ்சின் இல்லாத நாளெல்லாம் கூலி இல்லை. அவர்கள் பெயரையும் முதல் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு தனியாக அலைய வைக்காதீர்கள்.

காலம் பற்றியும் பொய் சொல்ல மாட்டேன். தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது உலகுக்கே தெரியும். வீடுகளை நாசமாக்கி ஊரையே குடியிருக்க முடியாததாக ஆக்கியதும் அந்த வழக்கில் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பு. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது 2023-ல். முப்பத்தொரு வருஷம். ஊர் உடையாமல் நின்றது, அதனால் நடந்தது. வீரப்பன் தேடுதலில் அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட 89 பேருக்குத் தேசிய ஆணையம் 2 கோடி 80 லட்சம் பரிந்துரைத்தது 2007-ல். தூத்துக்குடியில் 2018-ல் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது பணம் சீக்கிரம் வந்தது, நாடே பார்த்துக்கொண்டிருந்தது என்பதால். உங்கள் ஊரை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அதனால் நீங்கள் காகிதம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இன்னும் சில நாளில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிடுவார்கள். தாசில்தார், டி.எஸ்.பி., பங்குத்தந்தை, ஊர் கமிட்டி எல்லாரும் இருப்பார்கள். டீயும் பிஸ்கட்டும் வரும். இரு தரப்பும் சமாதானம் என்று எழுதி, நடுவில் எங்கோ "காவல் துறை நடவடிக்கை குறித்துப் புகார் ஏதும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். ஊர்ச் சமாதானத்துக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுப் போடுங்கள். அடிக்க விடமாட்டோம் என்றால், "எங்கள் வீட்டு நஷ்டம் நீங்கலாக" என்று பேனாவால் எழுதிவிட்டு அதன் கீழே போடுங்கள்.

பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் ஒன்றும் வராது. முழுக் காப்பீடு என்றால் கலவரச் சேதம் அதில் அடங்கும், கம்பெனி இழுத்தடிக்கும், இருந்தாலும் உடனே தகவல் கொடுத்துவிடுங்கள். எஞ்சின் பில் தொலைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எஞ்சினில் அடித்திருக்கும் சீரியல் நம்பரைத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள், அவர்கள் கணக்கில் இருக்கும். அதுவரை உடைந்த எஞ்சினை இரும்புக் கடைக்காரருக்குப் போட்டுவிட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லி வையுங்கள்.